உங்களுக்குப் பிடித்த மிகப்பெரிய எண் எது? ஏன்?

147573952589676412927. எல்லாரும் 1729 சொல்லிட்டீங்க, அதனால நான் இதை எடுத்துக்கறேன். இது 2ஐ 67 தடவை பெருக்கி அதுல ஒண்ணு கழிச்சா வர்ற நம்பர், 21 இலக்கம், நம்ம கணக்குல சுமாரா 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. (எக்ஸல்ல போட்டு பாக்காதீங்க, 15 இலக்கத்துக்கு மேல எல்லாத்தையும் பூஜ்யமாக்கிடும்.)

1644ல மெர்சென்னுன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் இது பகா எண்ணுன்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. எப்படி கண்டுபிடிச்சாருன்னு சொல்லல, இருநூறு வருஷத்துக்கு மேல யாராலயும் அதை ஆமான்னும் சொல்ல முடியல இல்லன்னும் சொல்ல முடியல. 1876ல லூக்கான்னு ஒரு பிரெஞ்சு கணித மேதை வந்து இது பகா எண் இல்லவே இல்லன்னு நிரூபிச்சாரு, ஆனா எதால வகுபடும்னு கேட்டா அவருக்கும் தெரியாது! எனக்கு இந்த நம்பர் பிடிச்சதே இதுக்காகத்தான்.

அது எப்படிங்க முடியும்னு தோணும். அவரோட வழியை பின்னாடி லெமர்னு ஒரு அமெரிக்க கணித மேதை சுருக்கி எளிமையாக்கினாரு, அதையே சொல்றேன். 4ல ஆரம்பிங்க, வர்க்கம் எடுத்து 2 கழிங்க, நம்ம நம்பரால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கிட்டு திரும்ப அதையே பண்ணுங்க. 31க்கு (2ன் அடுக்கு 5, கழித்தல் 1) பண்ணா 4, 14, 8, 0. அடுக்குல ரெண்டு குறைச்சா எத்தனையோ அத்தனை ஸ்டெப், கடைசில பூஜ்யம் வந்தா பகா எண். 2047க்கு பண்ணுங்க, அடுக்கு 11, ஒன்பதாவது ஸ்டெப்ல 1736 வந்து நிக்கும், அவ்ளோதான், பகா எண் இல்ல, ஆனா அதோட காரணிங்களான 23ஐயும் 89ஐயும் நாம எங்கயுமே பாக்கல பாருங்க.

நம்ம ஆளோட காரணிங்க 1903லதான் வெளிய வந்துச்சு. அமெரிக்க கணித சங்கத்தோட கூட்டத்துல ஃபிராங்க் நெல்சன் கோல் ஒரு வார்த்தை பேசாம போர்டுல ஒரு பக்கம் 2ன் அடுக்கு 67ஐ போட்டு ஒண்ணு கழிச்சாரு, இன்னொரு பக்கம் 193707721 × 761838257287ன்னு கையாலயே பெருக்கிக் காட்டிட்டு போய் உக்காந்துட்டாருன்னு சொல்லுவாங்க. மூணு வருஷ ஞாயித்துக்கிழமை ஆச்சாம், கொஞ்சம் மசாலா சேந்திருக்கலாம், ஆனா பெருக்கல் கரெக்ட்.

இன்னிக்கு பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதி இந்த காரணிங்களை கண்டுபிடிக்க ஒரு செகண்டுகூட ஆகாது, ஏன்னா 67 பகா எண்ங்கறதால இதோட காரணி எதுவா இருந்தாலும் 134ன் மடங்கு கூட்டல் 1ன்னுதான் இருந்தாகணும், மத்ததை எல்லாம் தொடவே வேணாம். முதல் காரணி 134 × 1445580 + 1, வேணும்னா போட்டுப் பாருங்க.

அதுக்காக கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2ன் அடுக்கு 1277 கழித்தல் 1, 385 இலக்கம், பகா எண் இல்லன்னு உறுதியா தெரியும், இன்னும் ஒரு காரணிகூட சிக்கல.