1500-க்குக் கீழ் உள்ளவர்களுக்கான செஸ் போட்டியில் வேண்டுமென்றே ரேட்டிங் குறைத்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: டர்பனில் எங்கள் கோயில் இளைஞர் குழு, ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) 1500-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் பரிசுப் போட்டி நடத்துகிறது. சாண்ட்பேகிங்கை, அதாவது வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கைக் குறைத்துக்கொள்வதை, எப்படித் தடுப்பது?

பதில்: லிச்செஸ் ரேட்டிங் கிளிக்கோ-2 என்ற கணக்கு முறையில் கணக்கிடப்படுகிறது. நிறைய ஆடிய கணக்கு சமபலமுள்ளவரிடம் ஒருமுறை தோற்றால் சில புள்ளிகள்தான் குறையும். ஆகவே 200 புள்ளி இறங்க வரிசையாகப் பல தோல்விகள் தேவை. அந்தத் தடயத்தை மறைக்க முடியாது. சந்தேகப்படும் கணக்கின் ரேட்டிங் வரைபடத்தைத் திறந்து, சரிவு தொடங்கிய நாளின் ஆட்டங்களைப் பாருங்கள். ஐந்தாறு நகர்த்தலில் ரிசைன் (தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவது), ராணி கூடுதலாக இருந்தும் நேரம் தீர்ந்து தோல்வி, இவை அடுத்தடுத்து வந்தால் சந்தேகம் வலுக்கிறது. உடல்நலமில்லாதவரும் தொடர்ந்து தோற்பார், ஆனால் அவர் கடைசிவரை போராடியிருப்பார்.

போட்டி அமைப்பில் உச்ச ரேட்டிங் வரம்பு இருக்கிறது. அது கடந்த ஒரு வாரத்து உச்சத்தை மட்டுமே பார்க்கும். பத்து நாள் முன்பே இறக்கியவர் தப்பிவிடுவார். அதனால் 90 நாள் உச்ச ரேட்டிங்கையே அளவுகோலாக அறிவித்து, பரிசு பெறுபவர்களின் வரைபடத்தை நீங்களே சரிபாருங்கள். பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்), ரேபிட் (அதைவிடச் சற்று நீண்ட ஆட்டம்) ரேட்டிங்குகள் தனித்தனி. பிளிட்ஸில் 1450, ரேபிட்டில் 1900 என்றால் விளக்கம் கேளுங்கள். புதுக் கணக்குகளைத் தடுக்கக் குறைந்தபட்ச ரேட்டட் (ரேட்டிங்கில் சேரும்) ஆட்ட எண்ணிக்கையும் வையுங்கள்.

ரேண்டில் பரிசு கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது சிரமம், தோற்ற பிள்ளைகளுக்கும் அநியாயம்.