ஸ்டீராய்டு களிம்பு: குழந்தைக்கு எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இரண்டு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் கரப்பான். சொரிந்து சொரிந்து தோல் தடித்துவிட்டது. தோல் மருத்துவர் மொமெட்டசோன் களிம்பு எழுதிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டு என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பயம். அரிப்பு தாங்க முடியாத போது மட்டும் இரண்டு நாள் லேசாகத் தடவிவிட்டு நிறுத்திவிடுவேன். அடுத்த வாரமே திரும்ப வந்துவிடுகிறது. 8 மாதத்துக்கு முன்பு வாங்கிய 15 கிராம் ட்யூபில் இன்னும் பாதி இருக்கிறது. தடவிய இடம் வெளுத்தும் தெரிகிறது. என் கணவர் தொடை இடுக்கில் வந்த படைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பை ஒரு வருடமாகப் போடுகிறார். "அதையே பிள்ளைக்கும் போடு, ஒரே நாளில் அரிப்பு நின்றுவிடும்" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதல் காரியமாக, கணவர் போடும் களிம்பைக் குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் தடவாதீர்கள். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு ட்யூப் இருக்கிறது. மருத்துவர் பார்த்து, அளந்து கொடுத்த ட்யூபைக் கண்டு பயப்படுகிறீர்கள். யாரும் பார்க்காமல் வாங்கிய ட்யூபைக் கண்டு வீட்டில் ஒருவருக்கும் பயமில்லை. என் கவலையெல்லாம் அந்த இரண்டாவது ட்யூபைப் பற்றித்தான்.

உங்கள் பயம் தவறு என்று சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு களிம்பைத் தவறாகப் போட்டால் தோல் மெலிந்துபோகும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், வரிவரியாகத் தழும்பு விழும். இதெல்லாம் உண்மை. ஆனால் "ஸ்டீராய்டு" என்பது ஒரே மருந்தின் பெயர் இல்லை. வீரியத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள ஒரு பெரிய குடும்பம் அது. ட்யூபில் போட்டிருக்கும் சதவீதத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1% என்று இருக்கும். குடும்பத்திலேயே சாதுவானது அதுதான். க்ளோபெட்டசால் 0.05% என்று இருக்கும். அதுதான் ஆக வீரியமானது. பெரியவர்களுக்கே தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் போடக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்று அதற்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் மகளுக்குக் கொடுத்திருக்கும் மொமெட்டசோன் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். 2 வயதுக்கு மேல், கை கால் மடிப்பில், ஒரு நாளைக்கு ஒரே வேளை, குறிப்பிட்ட நாட்களுக்கு என்றால் அது சரியான மருந்துதான்.

இப்போது உங்கள் ட்யூப் கணக்கைப் பார்ப்போம். ஆள்காட்டி விரலின் மேல் கணுவில் ஒரு மடிப்புக்கோடு இருக்கிறதல்லவா, அங்கிருந்து விரல் நுனி வரை ஒரு கோடாகக் களிம்பைப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். பெரியவரின் விரித்த கை இரண்டு அளவு இடத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். மருத்துவர்கள் எங்களுக்குள் இதை "விரல் நுனி அளவு" என்போம். அளப்பது உங்கள் விரலால்தான், குழந்தையின் விரலால் இல்லை. நீங்கள் சொல்லும் நான்கு மடிப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய அந்த இரண்டு கை அளவு வரும். அப்படியானால் ஒரு நாளைக்கு அரை கிராம், 15 கிராம் ட்யூப் 30 நாளைக்கு. நீங்கள் செலவழித்தது பாதி ட்யூப். அதாவது 8 மாதத்தில் 15 நாள் மருந்து, அதுவும் விட்டுவிட்டு. அந்தக் குழந்தை இத்தனை நாள் அரிப்போடு இருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது உள்ளே அழற்சி இன்னும் இருக்கிறது, தடிப்பு போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைப் போல வழவழப்பாகும் வரை போட வேண்டும். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருத்தும் சாம்பல் பூத்தும்தான் தெரியும். அதனால் கண்ணைவிட விரலை நம்புங்கள். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் வழவழப்பாகிவிடும். 2 வாரம் ஆகியும் ஆகவில்லை என்றால் நீங்களாக நீட்டிக்காமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

வழவழப்பான பிறகு, திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளுக்கு வாரத்தில் 2 நாள் மட்டும் அதே இடங்களில் தடவச் சொல்வோம். சனி, ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மாதத்துக்கு 4 கிராம்தான் செலவாகும். பொங்கி எழுந்த பிறகு ஓடுவதைவிடக் குறைந்த மருந்தில் காரியம் முடிகிறது. இதை எத்தனை மாதம் தொடரலாம் என்பதை உங்கள் மருத்துவர் குழந்தையைப் பார்த்துச் சொல்லட்டும்.

வெளுத்திருப்பதைப் பற்றி. நிறைய அம்மாக்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை நிறுத்துகிறார்கள். கரப்பான் ஆறிய இடத்தில் கொஞ்ச நாள் நிறம் குறைந்து தெரிவது இயல்பு. அழற்சி விட்டுப்போன சுவடு அது. சில மாதங்களில் தானாகவே நிறம் திரும்பிவிடும். வெண்படை இல்லை. வீரியமான ஸ்டீராய்டை நீண்ட நாள் போட்டாலும் நிறம் வெளுக்கும் என்பது நிஜம். ஆனால் 8 மாதத்தில் அரை ட்யூப் போட்டவருக்கு அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

முகத்தில் வந்தால் இதே களிம்பைப் போடாதீர்கள். தோலுக்குத் தோல் மருந்தை உறிஞ்சும் அளவு மாறும். 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தடவி இதை அளந்தார்கள். முன்கைத் தோல் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால், நெற்றி 6 மடங்கு, விதைப்பைத் தோல் 42 மடங்கு. முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற சாதுவானது, அதுவும் 3 முதல் 5 நாள். இமையில் மாதக்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தம் கூடும், புரை விழும். அடிக்கடி முகத்தில் வருகிறதென்றால் டாக்ரோலிமஸ் என்ற, ஸ்டீராய்டு இல்லாத களிம்பு இருக்கிறது. 2 வயதுக்கு மேல் 0.03% கொடுக்கலாம். முதல் சில நாள் எரியும், அப்புறம் பழகிவிடும். அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். டயப்பர் கட்டும் இடத்திலும் கவனம். மூடிக்கட்டிய இடத்தில் மருந்து பல மடங்கு உள்ளே போகும்.

தோல் வறளாமல் காக்கும் மாய்ஸ்சரைசரில் கஞ்சத்தனம் வேண்டாம். அளந்து போட வேண்டியது ஸ்டீராய்டைத்தான். மாய்ஸ்சரைசரைக் குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூசுங்கள், கரப்பான் இல்லாத நாளிலும் பூசுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டால் போதும், எது முதலில் என்பது பெரிய விஷயமில்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெயும் உதவும். பயத்தம் மாவு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுவதை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள், அந்த உராய்வை இந்தத் தோல் தாங்காது. கத்திரிக்காய், கருவாடு எல்லாம் "கரப்பான் பண்டம்" என்று குழந்தைக்குக் கொடுக்காமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாப்பிட்டதும் தெளிவாகத் தடிப்பு வருகிறது என்றால் ஒழிய, வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

சரி, கணவரின் ட்யூபுக்கு வருவோம். பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் தொடை இடுக்குப் படைக்கு மருந்துக்கடையில் கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கொடுப்பது மூன்று மருந்துக் கலவை: ஒரு ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சைக் கொல்லி. அந்த ஸ்டீராய்டு பல சமயம் க்ளோபெட்டசாலாகவே இருக்கும். ட்யூபின் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோட்ரிமசோல் என்றால் பூஞ்சைக் கொல்லி, க்ளோபெட்டசால் என்றால் ஸ்டீராய்டு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று "சோன்" என முடிந்தாலும் ஸ்டீராய்டுதான்.

இந்தப் படை, அதாவது படர்தாமரை, பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சைக்கோ அது தீனி போட்ட மாதிரி. அரிப்பில்லாமல் படை பரவும், வட்டத்தின் விளிம்பு அழிந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். அதுவும் அதிகம் உறிஞ்சும் இடத்தில் ஒரு வருடம் என்றால், தொடையில் விழுந்திருக்கக்கூடிய வரித்தழும்பு இனி முழுதாக மறையாது. 26, 27 வயதுப் பிள்ளைகள் தொடை முழுக்க அந்தக் கோடுகளோடு என் முன்னால் வந்து நிற்கும்போது மனசு கனத்துப்போகும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆக்கியது. அப்படியும் கடையில் வாயால் கேட்டால் கிடைக்கிறது.

அவர் இதை இன்றோடு நிறுத்த வேண்டும். மருத்துவரைப் பார்த்து, சரியான பூஞ்சை மருந்தைத் தொடங்க வேண்டும். நிறுத்திய சில நாளில் அரிப்பும் சிவப்பும் முன்னைவிடக் கூடும். அதைப் பார்த்து மறுபடி அதே ட்யூபை எடுத்துவிடக் கூடாது. இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் படை பிடிவாதமானது, பழைய மாத்திரைகளில் சிலவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். அதுவரை துண்டு, சோப்பு தனியாக இருக்கட்டும். உள்ளாடையை வெயிலில் உலர்த்திப் போடட்டும். துண்டு, துணி வழியாகவும் குழந்தைக்கு இது ஒட்டும்.

குழந்தைக்குச் சீழ் வைத்தாலோ, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளம் கிளம்பினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அது ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம். மற்றபடி அடுத்த முறை மகளைக் காட்டப் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். இரண்டு ட்யூபையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரின் மேஜையில் வையுங்கள்.