ரேமில் கை வைக்காதீர்கள்: கேம் கன்சோல் வன்பொருள் பற்றிய கேள்வி பதில்

கன்சோல் தயாரிக்கும் நிறுவனங்கள் வன்பொருள் விஷயத்தில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த முறை தலைப்பு. கன்சோல்களைத் திறந்து பழுது பார்ப்பது என் தொழில். கேம் எழுதும் நண்பர்கள் சிலர் இருப்பதால் அவர்கள் படும் பாடும் ஓரளவு தெரியும். இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு கன்சோல் நிறுவனத்துக்கு ஒரே ஒரு ஆலோசனைதான் சொல்லலாம் என்றால் என்ன சொல்வீர்கள், சார்?

ரேமில், அதாவது கேம் ஓடும்போது தேவையானதை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகத்தில், மிச்சம் பிடிக்காதீர்கள் என்பேன். கிராபிக்ஸ் சிப் கொஞ்சம் மெதுவாக இருந்தால் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துச் சமாளிக்கலாம், நிழல்களை எளிமையாக்கலாம். ரேம் போதவில்லை என்றால் அப்படி எளிதாகத் தப்பிக்க முடியாது. கேம் உலகத்தின் வரைபடம், எதிரிகளின் நடத்தை, ஒலி, அசைவுகள் எல்லாமே அதற்குள்தான் உட்கார வேண்டும். எதையாவது தூக்கி வெளியே போட வேண்டியிருக்கும், அதாவது கேமையே மாற்ற வேண்டியிருக்கும்.

எக்ஸ்பாக்ஸ் 360க்கு முதலில் 256 எம்பி என்றுதான் மைக்ரோசாஃப்ட் திட்டமிட்டிருந்தது. கேம் தயாரிக்கும் எபிக் நிறுவனம் தன் கேமின் காட்சி 256 எம்பியில் எப்படி இருக்கும், 512 எம்பியில் எப்படி இருக்கும் என்று காட்டி வற்புறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 512க்கு மாறியது. செலவு பெரியதுதான், ஆனால் அந்தத் தலைமுறை முழுக்க அந்த முடிவு அவர்களைக் காப்பாற்றியது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இலும் மொத்தம் 512 எம்பிதான். ஆனால் 256 பிராசசருக்கு, 256 கிராபிக்ஸ் சிப்புக்கு என்று நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் மறுபக்கத்துக்கு எளிதில் உதவாது. இரண்டிலும் வரும் ஒரே கேம் பிளேஸ்டேஷன் 3இல் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2013இல் கதை தலைகீழானது. பிளேஸ்டேஷன் 4க்கு 8 ஜிபி வேகமான ஜிடிடிஆர்5 ரேமை ஒரே தொகுப்பாக வைத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் 8 ஜிபி, ஆனால் மெதுவான டிடிஆர்3. அந்த மெதுவை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே ஈஎஸ்ரேம் என்ற மிக வேகமான சிறிய நினைவகத்தை 32 எம்பி அளவில் சேர்த்தார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படப் பரப்புக்குச் சுமார் 8.3 எம்பி. அன்றைய கேம்கள் நிறம், வெளிச்சம், ஆழம் என்று ஒரே சமயத்தில் நான்கைந்து பரப்புகளை வைத்திருந்தன. ஐந்து என்றாலே 41 எம்பியைத் தாண்டுகிறது, 32க்குள் எப்படி அடங்கும்? ஆரம்ப காலத்தில் பல கேம்கள் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 1080 வரிசைப் படத்துக்குப் பதில் 900பி, 720பி என்று இறங்கி ஓடியதற்குக் காரணம் சிப்பின் வேகக் குறைவு மட்டுமல்ல, இந்த 32 எம்பியும்தான்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 6 எப்போது வரும்?

நிறுவனம் சொல்லும்போது தெரியும். வதந்திகளுக்கு இங்கே பதில் இல்லை.

கேள்வி: டெராஃப்ளாப் அதிகம் இருக்கும் கன்சோல்தானே சிறந்தது?

இல்லை. டெராஃப்ளாப் என்பது சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற அளவு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சுமார் 12, பிளேஸ்டேஷன் 5 சுமார் 10. முன்னதில் 52 கணக்கீட்டு அலகுகள் மெதுவான கடிகாரத்தில் ஓடுகின்றன, பின்னதில் 36 அலகுகள் வேகமான கடிகாரத்தில். இரண்டிலும் வந்த கேம்களில் பெரும்பாலானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சிரமப்படுவீர்கள். சீரிஸ் எக்ஸின் 16 ஜிபியும் ஒரே வேகமில்லை. 10 ஜிபி நொடிக்கு 560 ஜிபி வேகம், மீதி 6 ஜிபி 336தான். எது எங்கே இருக்க வேண்டும் என்று கேம் எழுதுபவர் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: விலை குறைந்த இரண்டாவது மாடலையும் சேர்த்து வெளியிடுவது நல்ல உத்திதானே? சீரிஸ் எஸ் மாதிரி?

விலை குறைந்த மாடல் வேண்டும். ரேம் குறைந்த மாடல் வேண்டாம். 2020இல் சோனி என்ன செய்தது? டிஸ்க் டிரைவை மட்டும் எடுத்துவிட்டு 100 டாலர் குறைத்துக் கொடுத்தது. உள்ளே எல்லாம் ஒன்றே. சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபி. அதிலும் 8 ஜிபிதான் வேகமானது, மீதி 2 ஜிபி மிக மெதுவானது. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் பிளேஸ்டேஷன் 5க்கு 2023 செப்டம்பரில் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சீரிஸ் எஸ்ஸில் சரியாக ஓடவில்லை. கடைசியில் அந்த மாடலுக்கு மட்டும் அந்த வசதியை விட்டுவிட்டு வெளியிட மைக்ரோசாஃப்ட் விதிவிலக்கு கொடுத்தது.

கேள்வி: அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 299 டாலருக்குப் புதிய தலைமுறை கன்சோல் கிடைத்ததே சீரிஸ் எஸ்ஸால்தான். ஒரு கேம் மூன்று மாதம் தாமதமானதை வைத்து முழு உத்தியே தப்பு என்பதா?

நியாயமான கேள்வி. 299 டாலர் என்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது வாங்கிய நாளின் விலை. கன்சோல் ஏழெட்டு வருடம் ஓட வேண்டிய பொருள். முதல் இரண்டு வருடம் பழைய தலைமுறைக்கும் சேர்த்தே கேம்கள் வந்ததால் 10 ஜிபியின் குறை வெளியே தெரியவில்லை. புதிய தலைமுறைக்கு மட்டும் என்று கேம்கள் வரத் தொடங்கியதும் இடிக்க ஆரம்பித்தது. அந்த ஒரு கேம் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம், அவ்வளவுதான். எழுதும் நண்பர்களிடம் கேட்டால், எதை வெட்டினால் உள்ளே அடங்கும் என்று பார்ப்பதிலேயே வாரக்கணக்கில் போனது என்கிறார்கள்.

கேள்வி: கணினியில் ஆயிரம் விதமான வன்பொருள் இருக்கிறது. அதற்கெல்லாம் எழுதுகிறார்களே? சீரிஸ் எஸ்ஸுக்கு எழுதுவது மட்டும் என்ன அவ்வளவு கஷ்டம்?

கணினி கேமில் குறைந்தபட்சத் தேவை எது என்று முடிவு செய்வது கேம் எழுதுபவர். 16 ஜிபி வேண்டும் என்று அட்டையில் போட்டுவிட்டால் முடிந்தது. கன்சோலில் அந்தக் கோட்டைக் கிழிப்பது கன்சோல் நிறுவனம். சீரிஸ் எக்ஸுக்கு வெளியிட்டால் எஸ்ஸுக்கும் வெளியிட வேண்டும் என்று விதி. உங்கள் கேமின் தரை எங்கே என்று வேறொருவர் 2020இலேயே முடிவு செய்துவிட்டார். கணினியோடு ஒப்பிட முடியாது என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: மேலே 299 டாலர் பற்றிக் கேட்டவன்தான். சரி அண்ணா, நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கிராபிக்ஸ் சிப்பை அவர்கள் செய்தது போலவே சிறியதாக வைத்திருப்பேன். அது சரியான முடிவு, 4 டெராஃப்ளாப் என்றாலும் ரெசல்யூஷன் குறைந்து ஓடும். டிஸ்க் டிரைவும் வேண்டாம். ரேம் மட்டும் பெரிய மாடலில் எவ்வளவோ அவ்வளவு. விலை கொஞ்சம் ஏறும் என்பீர்கள். ஏறட்டும், அல்லது சேமிப்பிடத்தை இன்னும் குறைத்து ஈடுகட்டியிருக்கலாம். சேமிப்பிடத்தை வாங்கியவர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ரேமைச் சேர்க்க முடியாது. எதை வாடிக்கையாளர் தானே பின்னால் சரிசெய்துகொள்ள முடியுமோ அதில் மிச்சம் பிடியுங்கள், முடியாததில் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 6 விலை எவ்வளவு இருக்கும்? எப்போது வரும்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சேமிப்பிடம் என்றதும் கேட்கிறேன். சொந்த வடிவத்தில் மெமரி கார்டு செய்து விற்பது லாபம்தானே?

கார்டில் லாபம், கன்சோலில் நஷ்டம். சோனியின் கையடக்க கன்சோலான பிளேஸ்டேஷன் வீட்டாவின் கார்டு வேறு எதிலும் போடாத ஒரு கார்டு, அதே அளவுள்ள சாதாரண கார்டைவிடப் பல மடங்கு விலை. கன்சோலை வாங்கப் போனவர் கார்டின் விலையைக் கேட்டுத் தயங்கினார். அதே சோனி பிளேஸ்டேஷன் 5இல் கணினிக்கு வாங்கும் எம்.2 எஸ்எஸ்டியைப் போட இடம் வைத்து, 2021இல் மென்பொருள் மூலம் அதைத் திறந்துவிட்டது. பாடம் கற்றிருக்கிறார்கள் என்று மனதாரச் சொல்வேன்.

கேள்வி: கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் அனலாக் ஸ்டிக் தானாக நகர்கிறது. இதை ஏன் எந்த நிறுவனமும் சரிசெய்வதில்லை?

இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் மேஜைக்கு வரும் கன்ட்ரோலர்களில் அதிகம் வருவது இந்தப் புகாரோடுதான். ஸ்டிக்கின் அடியில் இரண்டு பக்கமும் பச்சையோ கறுப்போ ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதன் மூடியை ஊசி முனையால் நெம்பினால் உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கரிப் பூச்சு, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு உலோக நாக்கு. பொட்டென்ஷியோமீட்டர் என்பது இதுதான். ஒரு வருடம் ஓடிய ஸ்டிக்கில் அந்த நாக்கு போய்வந்த பாதை பளபளவென்று தேய்ந்திருக்கும், ஓரத்தில் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். நடுவில்தான் தேய்மானம் அதிகம், ஏனென்றால் ஸ்டிக் ஒவ்வொரு முறையும் நடுவுக்குத்தான் திரும்புகிறது. நடு எது என்று கன்ட்ரோலருக்கே தெரியாமல் போகிறது. ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் சில வாரம் சரியாகும், தேய்ந்த பூச்சு திரும்பி வராது.

இதற்கு மாற்று புதிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. காந்தத்தின் நகர்வைத் தொடாமலே அளக்கும் ஹால் சென்சார் 1998இல் வந்த செகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. எதுவும் உரசுவதில்லை, அதனால் தேய்வதும் இல்லை. செலவு கொஞ்சம் கூடும், கொஞ்சம் மின்சாரம் கூடப் பிடிக்கும். ஆனால் உத்தரவாதத்தில் திரும்பி வரும் கன்ட்ரோலர்களின் செலவு? 2020இல் நிண்டெண்டோவின் தலைவரே ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் கன்ட்ரோலர் தொல்லைக்காக மன்னிப்புக் கேட்டார். அப்படிக் கேட்ட பிறகும் இந்தப் பாகத்தை அப்படியே தொடர்வதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. குறைந்தபட்சம் ஸ்டிக்கை சால்டர் செய்யாமல் கழற்றி மாட்டும் பாகமாக வையுங்கள். பதினான்கு முனைகளையும் ஒவ்வொன்றாக ஈயம் உறிஞ்சி எடுப்பதற்குள் போர்டின் பாதையே சில சமயம் பெயர்ந்து வந்துவிடுகிறது.

கேள்வி: செகா ஏன் கன்சோலை விட்டது?

நிறைய காரணம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1994 நவம்பரில் ஜப்பானில் செகாவின் புதிய கன்சோல் சாட்டர்ன் வெளியானது. அதே மாதம் அமெரிக்காவில் அதன் பழைய கன்சோலான மெகா டிரைவின் மேல் செருகும் 32எக்ஸ் என்ற கூடுதல் கருவி வெளியானது. ஒன்றின் கேம் மற்றதில் ஓடாது. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த மே மாதம் அமெரிக்காவில் இ3 கேம் கண்காட்சியில் அறிவித்து, சாட்டர்னை முன்னறிவிப்பில்லாமல் 399 டாலருக்குக் கடைக்கு அனுப்பினார்கள். செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் கேம் தயாராக இல்லை. அதே கண்காட்சியில் சோனி சொன்ன விலை 299. அப்புறம் வந்த டிரீம்காஸ்ட் அருமையான இயந்திரம், ஆனால் நம்பிக்கை போய்விட்டது. 2001இல் நிறுத்திக்கொண்டார்கள்.

கேள்வி: முன்பெல்லாம் கன்சோல் விலை வருடாவருடம் குறையும். இப்போது ஏறுகிறதே?

பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2009இல் 99 டாலர். பிளேஸ்டேஷன் 5 2020இல் 499, 2025 ஆகஸ்டில் 549.99. வரி, விலைவாசி எல்லாம் உண்டு, ஆனால் அடியில் இருக்கும் காரணம் சிப். முன்பு அதே சிப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிறிதாக்கினால் சிப்புகளை அச்சிடும் ஒரே சிலிக்கான் தகட்டில் இரு மடங்கு சிப் கிடைக்கும், விலை பாதியாகும். இப்போது புதிய முறையில் அச்சிடும் தகடே அவ்வளவு விலை, சிறிதாக்கியும் மிச்சமில்லை. அதனால் முதல் நாள் நஷ்டத்துக்கு விற்போம், மூன்றாம் வருடம் மீட்போம் என்ற பழைய கணக்கு செல்லாது. முதல் நாளே கட்டுப்படியாகிற வடிவமைப்பு வேண்டும். உடனே ரேமைக் குறைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். கூடாது.

கேள்வி: இரண்டில் எந்தக் கன்சோல் வாங்கலாம்?

இன்றைய தலைப்பு அது இல்லை. உங்கள் நண்பர்கள் எதில் ஆடுகிறார்களோ அதை வாங்குங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 6இல் 32 ஜிபி இருக்குமா?

தம்பி, மூன்றாவது முறை. வராத கன்சோலின் ரேமை என்னால் எண்ண முடியாது.

கேள்வி: ரேமைப் பிறகு சேர்க்க முடியாது என்றீர்கள். போர்டில் சால்டர் செய்து கூட்ட முடியாதா?

நல்ல கேள்வி, இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2001இன் முதல் எக்ஸ்பாக்ஸில் 64 எம்பி ரேம். கேம் எழுதுபவர்களுக்குத் தந்த இயந்திரத்தில் 128 எம்பி. அதனால் கடையில் விற்ற ஆரம்பகால கன்சோல்களின் போர்டிலும் நான்கு சிப்புகளுக்கான இடம் காலியாகவே இருக்கும். திறந்து பார்த்தால் வெறும் ஈயப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு சிப்புக்கும் நூறு மெல்லிய கால்கள். கை நடுங்காமல் அவற்றை ஒட்டினால் கன்சோல் 128 எம்பியோடு எழுந்து நிற்கும். ஆனால் கடையில் விற்ற கேம்கள் அந்தக் கூடுதல் 64 எம்பியைத் தொடுவதில்லை. அவை 64க்குள் அடங்கும்படிதான் எழுதப்பட்டவை.