பொம்மருக்குள் இருந்தவன் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

இணையவழிக் கூட்டமொன்றில், இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் இருந்து பறந்து ஜேர்மனியில் குண்டுவீசிய அமெரிக்க விமானிகளைப் பற்றிய 'மாஸ்டர்ஸ் ஒஃப் தி எயர்' நல்ல தொடர் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, பதினைந்து வயது மகனோடு ஒன்பது பகுதிகளையும் பார்த்து முடித்தேன். பிறகு மற்றப் பார்வையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். விமானங்கள் வீடியோ கேம் போல இருக்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். தங்கள் விமானப்படையை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று பிரித்தானியர்கள் கோபப்படுகிறார்கள். கறுப்பின விமானிகள் பெயருக்குத்தான் வருகிறார்கள் என்ற குறையும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் சொல்வது, ஒட்சிசன் முகமூடி போட்ட பிறகு யார் யாரென்றே தெரியவில்லை என்பதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் மனம் ஒட்டவில்லை. இன்னொன்று, குண்டு விழுந்த நிலத்தை அவர்கள் காட்டவே இல்லை. விமானம் தப்பித் திரும்பும் இடங்களில் என் மகன் கைதட்டினான்; நான் அவனை ஏசிவிட்டேன். பதுங்குகுழிக்குள் வளர்ந்த நாங்கள் குண்டு போட்டவர்களுக்காக இரங்குவது எப்படிச் சரியாகும்? ஏசியது பிழையா?

க., ரொறன்ரோ

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் அந்த முகமூடியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தொடர்களைப் பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் அடுக்கியவற்றில் சிலவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். கணினிச் சித்திரம் பற்றிய முறைப்பாட்டில் எனக்கு அக்கறை இல்லை. அவர்கள் ஓட்டிய பி-17 குண்டுவீச்சு விமானங்களில் இன்று பறக்கக்கூடிய நிலையில் இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை திரளாகப் பறந்த வானத்தை வேறெப்படிக் காட்டியிருக்க முடியும்? கறுப்பின விமானிகள் எட்டாம் பகுதியில்தான் வருகிறார்கள் என்ற குறை முழுக்க நியாயமானது. அவர்களின் 332ஆவது சண்டை விமானப் பிரிவினர் இத்தாலியிலிருந்து பறந்தவர்கள்; அவர்களில் அலெக்சாண்டர் ஜெஃபர்சன் உட்பட மூவர் 1944 ஓகஸ்டில் சுடப்பட்டு இறங்கி, தொடரின் நாயகர்கள் இருந்த அதே சிறைமுகாமுக்கு வந்தார்கள் என்பதால் அவர்களுக்கும் கதைக்குள் இடம் கிடைத்தது. அவர்களுக்குத் தனித்தொடர் வேண்டும்.

பிரித்தானியர்களின் கோபம் மதுச்சாலைக் காட்சியைப் பற்றியது. பகலில் குண்டு வீசுவது மடமை என்று பிரித்தானிய அதிகாரிகள் சொல்ல, அமெரிக்கர்கள் அவர்களோடு கைகலப்புக்குப் போகிறார்கள். அந்த அதிகாரிகளை வெறும் செருக்கர்களாகக் காட்டியது தவறுதான். 1939 டிசம்பர் 18 அன்று ஜேர்மனியக் கரையோரத்தைப் பகலில் தாக்கிய 22 வெலிங்டன் விமானங்களில் 12ஐ இழந்த பிறகே அவர்கள் இரவுக்கு மாறினார்கள். இரவிலும் போர் முடிவதற்குள் அவர்களது குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் இறந்துபோனார்கள். ஆனால் எந்த நாட்டுக்காரன் கூடுதலாகச் செத்தான் என்ற வழக்கை எண்பது ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

முகமூடிக்கு வருகிறேன். யார் யாரென்று தெரியாததால் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மறுபடி வாசித்துப் பாருங்கள். இருபத்தையாயிரம் அடி உயரத்தில் இருந்து கீழே பார்த்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த உயரத்தில் ஒட்சிசன் குழாய் கழன்றால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது, ஐம்பது பாகை. மூச்சில் இருக்கும் ஈரம் முகமூடிக்குள் உறைந்து குழாயை அடைத்துவிடும். அடைபட்டவனுக்கு அது தெரியாது, இதமான மயக்கம் வந்து அப்படியே சாய்ந்துவிடுவான். ஆகவே ஒருவர் இடைக்கிடை உள்தொடர்புக் கருவியில் ஒவ்வொருவராக அழைத்து உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிப்பார். அப்போது அவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் பெயரால் அழைப்பதில்லை. வால் துப்பாக்கி, வயிற்றுத் துப்பாக்கி, இடுப்புத் துப்பாக்கி என்று இருக்கும் இடத்தால்தான் அழைப்பார்கள். பத்துப் பேர் ஒரே உலோகக் கூட்டுக்குள் இருந்தும், ஒருவர் முகத்தை மற்றவர் காணாமல், பதில் வராவிட்டால் யாராவது காவு ஒட்சிசன் போத்தலோடு தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டிய நிலையில் பறந்தார்கள். தரைக்கு இறங்கினாலும் நிலைமை அதுதான். மாலையில் திரும்பாதவர்களின் பெட்டிகள் உடனே அகற்றப்படும். அதே கட்டிலில் புதிதாக வந்தவன் படுப்பான். அவனுடைய பெயர் மற்றவர்கள் வாயில் பழகுவதற்குள் அவனும் போய்விடுவான். இங்கிலாந்தில் இருந்து பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையில் மட்டும் 26,000க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். பார்வையாளர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முகமூடியைக் கழற்றிவிட்டு நடிக்கவைத்திருந்தால், அந்த வாழ்க்கையின் முதல் உண்மையையே தொடர் இழந்திருக்கும். குழம்பிப்போகும் அந்த உணர்வு தொடரின் குறை என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நாயகன் எப்போது வருவான், எந்தப் பக்கத்தில் நிற்பான் என்று தெரிந்தால்தான் போரையும் பார்ப்போம் என்பது என்ன பழக்கம்?

இதற்குள் என் அண்ணாவின் நினைவு வந்துவிட்டது. 1990இன் பிற்பகுதியில், இலங்கைப் போரின்போது, எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழி ஒன்று இருந்தது. பொம்மர் என்று நாங்கள் சொல்லும் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே இறங்கிவிடுவோம். அண்ணா மட்டும் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு நாள் பொம்மர் எங்கள் ஒழுங்கைக்கு மேலாகப் பதிந்து குத்தி எழுந்தபோது, உள்ளே இருந்தவனின் முகத்தைக் கண்டேன், அவன் கண்ணாடி போட்டிருந்தான் என்று சொன்னார். அம்மா அவருக்கு அடித்தார். அந்த வேகத்தில் முகம் தெரிய வாய்ப்பே இல்லை என்று அப்பா பொறுமையாக விளக்கினார். அண்ணா ஏற்கவில்லை, வந்து போனவர்கள் எல்லோரிடமும் அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தத்தின் மேல் கோபப்பட்டு அவருக்குக் களைத்துவிட்டது. கோபப்படுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டான் என்று எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. இந்தத் தொடரின் முதல் பகுதியைப் பார்த்தபோது, அண்ணா தேடிய அந்த ஆளை எனக்குக் காட்டுகிறார்கள் என்று தோன்றியது. அவனுக்கு விமானத்தில் வாந்தி வருகிறது. அவன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். வரைபடத்தின் மேல் குனிந்து கணக்குப் பார்க்கிறான்.

கதையைச் சொல்லும் அந்த ஹரி கிராஸ்பி உண்மையான மனிதர். தொடர் சொல்லும் நூறாவது குண்டுவீச்சுப் பிரிவின் வழிகாட்டி அதிகாரியாக இருந்தவர். அவர் பின்னாளில் எழுதிய ஒரு நிகழ்ச்சியை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் குறித்த இலக்கை மேகம் மூடிவிட, மாற்று இலக்காக ஜேர்மனியின் பொன் (Bonn) நகரம் கீழே தெளிவாகக் கிடந்தது. முதல்நாள் இரவு கேட்ட பேத்தோவன் இசைத்தட்டின் உறையில் அவரது ஊராக அந்த நகரத்தின் பெயரை வாசித்திருந்த கிராஸ்பி, அங்கே வீச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விமானங்கள் தாண்டிப் போய் ரூர் பகுதியில் வேறோர் இடத்தில் குண்டுகளை வீசின. இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் இசையின் பெருமை என்று நெகிழ்கிறார்கள். அந்த வேறோர் இடத்தில் இருந்தவர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்களுடைய ஊர் எந்த இசைத்தட்டின் உறையிலும் இல்லை. பொன் நகரமும் நெடுநாள் தப்பவில்லை. 1944 ஒக்டோபர் 18இல் பிரித்தானிய விமானங்கள் அதன் நடுப்பகுதியையும் பல்கலைக்கழகத்தையும் அழித்தன.

நிலத்தைக் காட்டவே இல்லை என்கிறீர்கள். தங்கச்சி, ஆறாம் பகுதியை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஜேர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் சுடப்பட்டுப் பிடிபட்ட ஈகனை, தொடரின் நாயகர்களில் ஒருவரை, மற்றக் கைதிகளோடு ரூசல்ஸ்ஹைம் என்ற ஊருக்குள் நடத்திக்கொண்டு போகிறார்கள். முந்தைய இரவு குண்டு விழுந்த ஊர். இடிபாட்டுக்குள் இருந்து சனங்கள் வந்து கைதிகளைத் தாக்குகிறார்கள், பிறகு நடப்பதை நீங்கள் பார்த்தீர்கள். அது 1944 ஓகஸ்ட் 26இல் வேறொரு விமானத்தின் ஆட்களுக்கு நேர்ந்தது, ஈகன் பிடிபட்டதோ 1943 ஒக்டோபரில், எனவே வரலாற்றைத் திரித்துவிட்டார்கள் என்று சில பார்வையாளர்கள் கண்டித்தார்கள். திகதி மாறியது உண்மை. ஆனால் அந்தத் தெரு உண்மை. கல்லாலும் தடியாலும் சுத்தியலாலும் அடித்தவர்கள் அந்த ஊர்ச் சனங்கள். பெண்களும் கூடி நின்று தூண்டினார்கள். எட்டு விமானப்படையினரில் ஆறு பேர் இறந்தார்கள், செத்தவர்களைப் போலக் கிடந்த இருவர் பிழைத்தார்கள். போர் முடிந்தபின் வழக்கு நடந்து ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முகம் தெரிந்தால் இரக்கம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தக் காட்சியை மீண்டும் பார்க்க வேண்டும்.

நான் அதைப் பார்த்தபோது எங்கள் ஒழுங்கையைத்தான் நினைத்தேன். அந்தக் கண்ணாடி போட்டவன் பரசூட்டில் எங்கள் வளவுக்குள் இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எறும்புக்குக்கூட அரிசிமா தூவிக் கோலம் போட்ட என் அம்மம்மாவே அலவாங்கைத் தூக்கியிருப்பார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த வளவில் பிள்ளைகளை மண்ணுக்குள் இருந்து எடுத்த நாளை அவர் பார்த்தவர். ஆனால் அதன்பிறகு நாங்கள் யாராக இருந்திருப்போம் என்பதைத் தொடர் என்னிடம் கேட்டது, அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. குண்டு போட்டவர்களுக்கு இரங்குவது சரியா என்று நீங்கள் கேட்பது இதைவிட எளிதான கேள்வி. அதில் நீங்கள் எப்போதும் கீழேயே, குழிக்குள்ளேயே இருக்கிறீர்கள். உங்கள் கையில் எதுவுமே இல்லை. அந்த இடத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருந்துவிட முடியாது, தங்கச்சி. நீங்கள் இப்போது ஒரு மகனை வளர்க்கிறீர்கள்.

அவன் பலமாகக் கைதட்டியது ஐந்தாம் பகுதியில், தனியாகத் திரும்பிவந்த 'றோயல் ஃபிளஷ்' விமானத்துக்காக இருந்திருக்கும். 1943 ஒக்டோபர் 10. மியூன்ஸ்டர் இலக்குவரை சென்ற நூறாவது பிரிவின் 13 விமானங்களில் திரும்பியது அது ஒன்றுதான். ஓட்டியவர் ரோசந்தால், புரூக்ளினைச் சேர்ந்த யூதர், சட்டம் படித்தவர். அது அவரது மூன்றாவது பறப்பு. 25 முடிந்தபின் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தும் போகாமல் 52 முறை பறந்து, போரின் பிறகு நாசிகளின் போர்க்குற்றங்களை விசாரித்த நியூரம்பேர்க் விசாரணைகளில் பணிசெய்தவர். அன்றைய பறப்பின் குறியிடம் தொழிற்சாலை அல்ல, தேவாலயத்தைச் சூழ்ந்த பழைய நகரம். புகையிரதத் தொழிலாளர்களின் வீடுகளையும் அவர்களையும் அழிப்பதே நோக்கம். நாள் ஞாயிற்றுக்கிழமை. புறப்படுவதற்கு முந்திய கூட்டத்திலேயே சிலருக்கு மனம் குழம்பியது, ஆனாலும் போனார்கள். அந்த விமானம் தப்பி வந்ததில் என் கண்ணும் கலங்கியது. அது எங்கே போய்விட்டு வந்தது என்பதும் எனக்கு அந்த நேரத்தில் தெரிந்துதான் இருந்தது. இவற்றில் ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே கைதட்டியதற்கு அவனை ஏசியிருக்கத் தேவையில்லை. பிழை அவன் பக்கத்தில் இல்லை. பதுங்குகுழிக்குள் வளர்ந்தேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்; அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதற்கான அடையாளமே இல்லை. சொல்லாமல் ஏசினால், அம்மாவுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் அவனுக்கு விளங்கும். இந்த வாரக் கடைசியில் ஐந்தாம் பகுதியையும் ஆறாம் பகுதியையும் அவனோடு ஒரே இருப்பில் மறுபடி பாருங்கள். விமானம் திரும்பும் இடத்தில் அவன் திரும்பவும் கைதட்டினால் தட்டட்டும். மியூன்ஸ்டர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழி வளவின் எந்த மூலையில் இருந்தது, யார் வெட்டினார்கள், மழைக்குத் தண்ணீர் நின்றபோது என்ன செய்தீர்கள் என்பதையும் அப்படியே சொல்லுங்கள். அவன் நிறையக் கேட்பான். கேட்பவற்றில் உங்களால் பதில் சொல்ல முடியாதவை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.