மாஸ்டர்கிட்ட கேளுங்க: வயசாச்சுன்னா என்ன இப்ப?

நான் 68 வயசு ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். பார்க்ல எங்க வயசுக்காரங்களுக்கு தினம் காலைல எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கறேன். வயசானாலும் மனச இளமையா வெச்சுக்கறது பத்தி வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: மாஸ்டர், எனக்கு 59. கார் ஓட்டக் கத்துக்க ஆசை, "இந்த வயசுல எதுக்கும்மா"ன்னு மகன் சிரிக்கிறான்.

சிரிக்கட்டும்மா. ஆலப்புழா கார்த்தியாயினி அம்மா 2018ல, 96 வயசுல, கேரளா எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100க்கு 98 வாங்கினாங்க. நான் 63ல நீச்சல் கத்துக்கப் போனேன், சுத்தி எல்லாம் ஏழு எட்டு வயசுப் பசங்க, அதுல ஒரு வாண்டு "தாத்தா, மூச்ச அடக்குங்க"ன்னு எனக்கு கோச்சிங் குடுக்குது, காலம்பூரா விசில் ஊதி பசங்கள விரட்டினவன் நான்! ரெண்டு வாரம் மானம் போச்சு, அப்புறம் பழகிடுச்சு. என்னைக் கேட்டா மனசு இளமையா இருக்கறதுங்கறது இதான், கத்துக்குட்டியா நிக்க கூச்சப்படாம இருக்கறது. போறதுக்கு முன்னாடி கண்ண மட்டும் செக் பண்ணிக்கோங்க.

கேள்வி: நல்லதையே நெனச்சா ஆயுசு கூடும்னு வாட்சப்ல வருதே, நிஜமா சார்?

முழுக்க கட்டுக்கதை இல்ல. அமெரிக்கால ஓஹையோ பக்கம் 50 தாண்டின 660 பேர பல வருஷம் கவனிச்சதுல, முதுமைய நல்லவிதமா பாத்தவங்க சராசரியா 7.5 வருஷம் கூட வாழ்ந்திருக்காங்க, யேல் யூனிவர்சிட்டி பெக்கா லெவி 2002ல வெளியிட்டாங்க. ஆனா நெனப்பு மட்டும்தான் காரணம்னு அதுலேந்து அடிச்சு சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரைய நிறுத்திடாதீங்க!

கேள்வி: 66 ஆகுது. பசங்களோட ஷட்டில் ஆடினேன், முட்டி வீங்கிப்போச்சு.

மனசுக்கு 25, முட்டிக்கு 66, ரெண்டையும் சேத்துதான் சார் ஆடணும். வீக்கம் வத்தலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. 30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லேந்து 8 சதவீதம் தசை கரையும், 60க்கு அப்புறம் இன்னும் வேகமா. அதனால வெறும் வாக்கிங் பத்தாது. வாரம் 150 நிமிஷ நடையோட 2 நாள் தசைக்கு, 3 நாள் பேலன்ஸுக்குன்னு உலக சுகாதார நிறுவனமே 65 தாண்டினவங்களுக்கு சொல்லுது. முட்டி சரியானதும் நாற்காலில கை ஊணாம 10 தடவை எந்திரிச்சு உக்காருங்க, சுவத்தப் புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நில்லுங்க. அப்புறம் டபுள்ஸ் ஆடலாம். குதிச்சு ஸ்மாஷ் அடிக்கறது மட்டும் வேணாம்.

கேள்வி: தலைக்கு டை அடிச்சா தப்பா அண்ணே?

அடிச்சுக்கோ தம்பி, அலர்ஜி டெஸ்ட் பண்ணிட்டு. பிள்ளையார்கிட்ட கேட்டு முதுமைய வாங்கிக்கிட்டது ஔவையார் மட்டும்தான், நமக்கு அவ்ளோ தைரியம் ஏது.

கேள்வி: அப்பாவுக்கு 72. எந்நேரமும் டிவிதான், யார்கிட்டயும் பேசறதில்ல. எப்டி உற்சாகப்படுத்தறது?

மொதல்ல காது டெஸ்ட். சீரியஸா சொல்றேன். காது மந்தமானத வெளிய சொல்ல வெக்கப்பட்டு ஒதுங்கறவங்க நிறைய பேர், வீட்லயும் "வயசானா அப்டித்தான்"னு விட்ருவாங்க. எங்க குரூப்ல ஒருத்தர் மெஷின் வெச்ச வாரமே சீட்டாட்டத்துல சண்டை போட ஆரம்பிச்சுட்டார், எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். தூக்கமும் பசியும் சேந்து கொறஞ்சிருந்தா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க. அதெல்லாம் இல்லன்னா அட்வைஸ் வேணாம், வேலை குடுங்க. "அப்பா, இந்த மிக்ஸி என்னமோ சத்தம் போடுது"ன்னு அவர் முன்னாடி கொண்டு போய் வைங்க. மிக்ஸி நல்லா ஓடுதுன்னா ஒரு ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு வைங்க.