மல்டிலைன் போட்டும் பைத்தான் ரெஜெக்ஸ் அடுத்த வரிக்குப் போகவில்லையே, ஏன்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் ஒரே ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்) இருக்கிறது. முகவரி இரண்டு மூன்று வரி ஓடுகிறது. அதை எடுக்க முகவரி:(.*)கைபேசி: என்று ரெஜெக்ஸ் (உரையில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன்) எழுதி, மல்டிலைன் ஃபிளாகும் (தேடும் விதத்தை மாற்றும் அமைப்பு) கொடுத்தால் எதுவும் சிக்கவில்லை.

மல்டிலைனுக்கு இங்கே வேலையே இல்லை. அது தொடுவது ^, $ இரண்டை மட்டும்தான். அவை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் பொருந்தும்படி செய்யும். உங்கள் பேட்டர்னில் அந்த இரண்டுமே கிடையாது. சிக்கல் புள்ளியில் இருக்கிறது. நியூலைனை (வரி முடிவுக் குறியை) தவிர எல்லா எழுத்தோடும் அது பொருந்தும். நியூலைனையும் சேர்க்க டாட்ஆல் என்ற ஃபிளாகைக் கொடுக்க வேண்டும். (ரூபியில் இதே வேலையைச் செய்யும் ஃபிளாகுக்குத்தான் மல்டிலைன் என்று பெயர். ரூபிக்காரர் எழுதிய பதிலைப் பார்த்துப் போட்டீர்களோ என்னவோ!)

சரி, டாட்ஆல் போட்டாயிற்று. நட்சத்திரம் முடிந்தவரை அதிகமாக எடுக்கும் என்பதால், இப்போது முதல் 'முகவரி:'யில் தொடங்கி கடைசி 'கைபேசி:' வரை பட்டியலையே அள்ளிக்கொண்டு வரும். நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு (.*?) என்று மாற்றினால் முதலில் எதிர்ப்படும் 'கைபேசி:'யிலேயே நின்றுவிடும்.

பெரும்பாலான பதில்கள் இதோடு முடிந்துவிடும். ஆனால் பட்டியல் இப்படி இருந்தால்?

பெயர்: கமலா
முகவரி: 12, மேலத் தெரு,
கும்பகோணம்

பெயர்: செல்வம்
முகவரி: 4, காந்தி சாலை,
தேனி
கைபேசி: இல்லை

கமலாவுக்குக் கைபேசி வரியே இல்லை. எனவே அவர் முகவரியில் தொடங்கும் தேடல் செல்வத்தின் பெயர், முகவரி எல்லாவற்றையும் விழுங்கி தேனியில் போய் நிற்கும். பிழைச் செய்தியும் வராது. அதனால் மொத்த ஸ்ட்ரிங்கையும் ஒரே ரெஜெக்ஸிடம் ஒப்படைக்க நான் விடுவதில்லை. முதலில் வெற்று வரி வரும் இடங்களில் ஸ்ப்ளிட் செய்து (பிரித்து), ஒவ்வொரு துண்டிலும் தனியாகத் தேடுங்கள். கைபேசி இல்லாத துண்டு பொருந்தாமல் உங்கள் கண்ணில் படும்.

இன்னொன்று: தமிழ்ப் பெயரைப் பிடிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூவை (\w, எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு பொருந்தும் குறி) நம்பாதீர்கள். பைத்தானின் ரெஜெக்ஸ் கால், கொம்பு, மெய்ப்புள்ளி எதையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. 'முகவரி'யைக் கொடுத்தால் 'ம', 'கவர' என்று உடைத்துத் தரும். அதற்குப் பதில் [^:]+ (முக்காற்புள்ளி தவிர எதுவும்) போல, எது வரக்கூடாது என்று சொல்லி எழுதுங்கள். இது நியூலைனையும் தாண்டும், டாட்ஆல் தேவைப்படாது.