இப்ப வாற பாட்டெல்லாம் மோசமா? கீபோர்டு வாசிக்கிற அண்ணன்கிட்ட கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் 20 வருஷத்துக்கு மேல கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடுன்னு மேடைக் கச்சேரிக்கு கீபோர்டு வாசிச்சவன் நான், இப்ப வீட்டுலயே ஒரு சின்ன ரூம்ல ரெக்கார்டிங் பண்றேன். சினிமா பாட்டு கெட்டுப்போச்சான்னு நெறைய பேரு கேக்குறீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி (தக்கலை அக்கா): சுத்தி வளைக்காம சொல்லுங்க தம்பி, பாட்டு தரம் கொறஞ்சிட்டா, இல்ல எங்களுக்கு வயசாயிட்டா?

பதில்: ரெண்டும் இருக்கு அக்கா. பதினஞ்சுல இருந்து இருவத்தஞ்சு வயசுக்குள்ள கேட்ட பாட்டு எல்லாருக்குமே நெஞ்சுல ஒட்டிக்கிடும், என் மருமகனுக்கு நாளைக்கு இன்னைக்குள்ள பாட்டுதான் பொற்காலமா இருக்கும். அப்புறம், பழசுல நல்லது மட்டும்தான் நம்ம கையில மிச்சம் இருக்கு. 80-கள்ல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை படம் வந்துச்சு, படத்துக்கு அஞ்சு பாட்டு, அதுல முக்காவாசி கேசட் கடையில தூசி படிஞ்சு போச்சு, ஒரு வரி கூட இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல. அத மறந்துட்டு அன்னைக்கு வந்த நூறுல சிறந்த ரெண்டையும் இந்த வாரம் வந்த பத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எப்பிடி நியாயமாவும்? ஆனா ஒண்ணு மெய்யாவே கொறஞ்சிருக்கு. பாட்டுக்குள்ள வாசிக்கிறவனுக்கு இருந்த இடம்.

கேள்வி (குளச்சல் தம்பி): வாசிக்கிறவனுக்கு இடம்னா என்னண்ணே?

பதில்: மக்கா, பழைய பாட்டு ஒண்ண எடுத்து எண்ணிப் பாரு. பல்லவி, அது முடிஞ்சதும் ஒரு பிஜிஎம், அதாவது யாரும் பாடாம வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம், பிறகு சரணம், அதுக்குப் பிறகு ரெண்டாவது பிஜிஎம், அது மொதல்ல வந்ததோட காப்பி கிடையாது, முழுசா வேற மெட்டு, பிறகு ரெண்டாவது சரணம். புல்லாங்குழல் ஒண்ணு கேக்கும், வயலின் பதில் சொல்லும், நடுவுல தபலா நடை மாறும். கொடை மேடையில நாங்க அந்த பிஜிஎம் வாசிக்கும்போதுதான் விசிலே வரும், பாடுறவரு சும்மா நிப்பாரு, ஜனம் புல்லாங்குழல்காரரையே பாத்துட்டு இருக்கும். ஒரு நோட்டு தப்பினா கீழ இருக்கற பலகாரக் கடைக்காரருக்குக் கூட தெரிஞ்சிரும், அப்பிடி மனப்பாடமா இருந்துச்சு ஊருக்கு.

இப்ப வாற பாட்டுல முக்காவாசிக்கு ஒரு சரணம்தான், நடுவுல ஒரு சின்ன துண்டையே சுத்திச் சுத்தி ஓட விடுற லூப், பிறகு மனசுல ஒட்டுற ஹூக் லைனு திரும்பத் திரும்ப. பாட்டு போடுறவனுக்கு திறமை இல்லன்னு நான் சொல்லமாட்டேன், அவன எடம் விடாம நெருக்குறாங்க. ஸ்பாட்டிஃபைல 30 செகண்டு கேட்டாத்தான் அது ஒரு பிளேன்னு கணக்கு, ரீல்ஸுக்கும் ஒரு துண்டுதான் வேணும், அப்ப நல்ல வரிய ரெண்டாவது சரணத்துல ஒளிச்சு வைக்க எவனுக்கு தைரியம் வரும்? மிஷினு பாட்டோட நீளத்த தீர்மானிக்கிறது புதுசு இல்ல, 78 சுத்து கிராமபோன் தட்டுல ஒரு பக்கத்துக்கு சுமாரா மூணு நிமிஷம்தான் பிடிக்கும், பாட்டையும் அதுக்குள்ளதான் அடக்குனாங்க. ஆனா அந்த மூணு நிமிஷமும் ஆளுங்க ஒரே ரூம்ல ஒண்ணா உக்காந்து வாசிச்சது, ஒருத்தன் தப்பினா எல்லாருக்கும் ரீடேக். இப்ப எனக்கு வயலின் ஃபைலா வருது, வாசிச்ச ஆளு எந்த ஊருன்னு கூட தெரியாது. நானும் இதத்தான் செய்யிறேன், செய்யும்போது மனசு வலிக்கத்தான் செய்யுது.

கேள்வி (மார்த்தாண்டத்துல இருந்து ஒரு டீச்சர்): இத அளந்து பாத்த ஆராய்ச்சி ஏதாவது உண்டா? எல்லாம் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்றதாத்தான் இருக்கு.

பதில்: உண்டு டீச்சர், அதுவும் ஒண்ணுக்கொண்ணு எதிரா ரெண்டு. 2012-ல ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 1955-ல இருந்து 2010 வரைக்கும் வந்த 4,64,411 பாட்ட கம்ப்யூட்டர்ல அலசுனாங்க. ஒரு சுரத்துல இருந்து அடுத்த சுரத்துக்கு போற விதம் வரவர ஒரே மாதிரி ஆகுது, வாத்தியங்களோட ஒலித் தன்மையிலயும் வகை கொறையுது, சத்தம் மட்டும் கூடுதுன்னு சொன்னாங்க. 2015-ல லண்டன் பக்கம் இன்னொரு குழு 1960-ல இருந்து 2010 வரைக்கும் அமெரிக்காவுல ஹிட்டான சுமார் 17,000 பாட்ட பாத்துட்டு, அப்பிடி தொடர்ச்சியா ஒரே மாதிரி ஆகிட்டுப் போறதா தெரியல, 1964, 1983, 1991-ன்னு மூணு தடவ பாட்டே தலைகீழா மாறியிருக்குன்னு சொன்னாங்க. ரெண்டுமே மேல்நாட்டுப் பாட்டு, ராகமும் கமகமும் (சுரத்த வளைச்சு அசைச்சுப் பாடுறது) உள்ள நம்ம பாட்டுக்கு அத அப்பிடியே ஒட்டக் கூடாது.

கேள்வி (தோவாளை): சத்தம் கூடுதுன்னா? எனக்கு புதுப் பாட்டு கேட்டா தலை வலிக்கி.

பதில்: பாட்டுல மெதுவான இடத்த மேல தூக்கி, ஓங்கி வாற இடத்த அமுக்கி எல்லாத்தையும் ஒரே மட்டத்துல கொண்டுவாற வேலைக்கு கம்ப்ரஷன்னு பேரு. அளவோட பண்ணினா கொள்ளாம், அளவு மீறினா காதுக்கு ஓய்வே கிடையாது, அதான் வலி. இத்தனைக்கும் ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் சத்தமான பாட்ட அதுவாவே கொறச்சிருது, அதனால இவ்வளவு அமுக்குறதுல இப்ப லாபமும் இல்ல.

கேள்வி: ஆட்டோ டியூன் வந்தபிறகு பாடத் தெரியாதவனும் பாடகர் ஆயிட்டானே?

பதில்: அது 1997-ல வந்த ஒரு சாஃப்ட்வேர், கண்டுபிடிச்சவரு அதுக்கு முன்ன எண்ணெய்க் கிணறு தேடுறதுக்காக பூமிக்குள்ள போற அதிர்வ கணக்கு போட்டுட்டு இருந்தவரு. சுருதிய அது சரி பண்ணும், பாட்டோட உணர்ச்சிய கொண்டுவராது. நம்ம ஆளுங்களுக்கு இதுல கூடுதலா ஒரு நஷ்டம் இருக்கு, ரொம்ப இறுக்கிப் போட்டா கமகத்தையும் தப்புன்னு நெனச்சு நேராக்கிரும், படிக்கட்டுல ஏறுன மாதிரி கேக்கும்.

கேள்வி (வடசேரி அண்ணாச்சி): வரி ஒண்ணும் புரியல தம்பி, அது ஏன்?

பதில்: மெட்டு மொதல்ல, வரி பிறகு, அதான் அண்ணாச்சி பெரிய காரணம். நம்ம நாகர்கோவில்ல 1918-ல பிறந்த கே.வி. மகாதேவன் எழுதுன வரிய வாங்கி வச்சு அதுக்கு மெட்டு போடுறவரு, சொல்லு எங்க நீளுதோ அங்க மெட்டும் நீளும். சிறந்த இசையமைப்பாளருக்கு தேசிய விருது குடுக்க ஆரம்பிச்சப்ப, 1967-க்கான மொத விருதே அவருக்குத்தான், கந்தன் கருணைக்கு. மெட்டுக்கு எழுதுனா மோசம்னு இல்ல, அதுலயும் அருமையான பாட்டு எவ்வளவோ இருக்கு, ஆனா எழுதுறவருக்கு டைம் குடுக்கணும். தாளத்துக்கு மேல வார்த்தைய வெறும் சத்தமா ஒட்டுனா இப்பிடித்தான் வரும்.

கேள்வி: எல்லாம் காப்பிதானே இப்ப?

பதில்: காப்பி அன்னைக்கும் உண்டு, 50-கள்ல இந்தி மெட்ட அப்பிடியே எடுத்து தமிழ் வரி போட்ட பாட்டு எவ்வளவோ. ஒரே ராகம்ங்கறதால மட்டும் காப்பின்னு சொல்லாதீங்க. அந்த மெட்ட எடுத்து இவரு என்ன சேத்தாருன்னு கேளுங்க.

கேள்வி (சுசீந்திரம் பக்கம்): எங்க கொடையில வில்லுப்பாட்டுக்கு குடுக்கற நேரம் வருஷா வருஷம் கொறையுது, புதுப் பாட்டுதான் அத கொல்லுதோ?

பதில்: புதுப் பாட்ட குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. வில்லுக்காரங்களே சினிமா மெட்ட எடுத்து சாமி கதைக்கு போடுவாங்க, ஆர்மோனியமும் சேத்துக்கிட்டாங்க, கேட்டவங்க ரசிக்கத்தான் செஞ்சாங்க. வில்லடிச்சு வலப்பக்கம் ஒருத்தர் பாட, இடப்பக்கம் பதில் பாட, உடுக்கும் குடமும் சேர, விடிய விடிய கதை போவும். அத கேக்க ராத்திரி முழுக்க உக்காந்திருக்க ஆளு வேணும், அந்த ராத்திரிய கமிட்டிதான் குடுக்கணும். ஒரு ஊர்ல பத்து பேரு மேடையில வாசிச்சுட்டு இருந்த எங்கள பாதியில நிறுத்திட்டு டிஜே பெட்டிய ஆன் பண்ணாங்க, நான் கீபோர்ட மடிச்சு வச்சேன், பக்கத்துல எங்க தபலாக்காரரு தலைய நிமிரவே இல்ல. சம்பளம் முழுசா குடுத்தாங்க. வீட்டுக்கு வாற வரைக்கும் வண்டியில யாரும் பேசல.

கேள்வி (கருங்கல், ஒரு அம்மா): மகன் சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கான், பத்து வயசு. ஸ்டைல் பட்டன அமுக்குனா எல்லாம் அதுவே வாசிக்கி. எப்பிடி பழக்கட்டும்?

பதில்: ஆறு மாசம் அந்த பட்டன தொடவே விடாதீங்கம்மா. வலது கையில மெட்டு, இடது கையில ஒத்த பேஸ் நோட்டு போதும், தாளத்துக்கு காலத் தட்டட்டும். உங்க கொயர்ல நாலு குரல்ல பாடுவாங்கல்லா, அதுல டெனர், அதாவது ஆம்பிளைங்க பாடுற மேல் குரல், பாடுறவங்க பக்கத்துல அவன நிறுத்துங்க, மெயின் மெட்டு இல்லாத குரல தனியா பிடிச்சு பாடட்டும். பிறகு ஒரு பழைய பாட்டோட பிஜிஎம் மட்டும் குடுங்க, வரி வேண்டாம், புல்லாங்குழல் பிட்டு மட்டும். காதால கேட்டு அவனே தேடட்டும், நோட்டு எழுதிக் குடுக்காதீங்க. ஒரு வாரம் எடுத்தாலும் சரி. கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு போன்ல வாசிச்சு காட்டச் சொல்லுங்க.